தொழுநோய்ப் பணியில் கற்ற இரக்கம்

கிறிஸ்தவத்தில் பிறருக்குத் தொண்டு செய்வது வழிபாட்டோடு சேர்ந்த கடமை. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி இதற்கு ஓர் அடிப்படை. பசித்தவருக்கும் நோயுற்றவருக்கும் சிறையில் கிடப்பவருக்கும் செய்தது தமக்கே செய்தது என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் அவர் சொல்வது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைக் கேட்டுத் தலையாட்டுவது எளிது. கையிலும் கண்ணிலும் பழக்கமாக ஊற நெடுங்காலப் பணி வேண்டும். அப்படி ஊறியதற்கு நல்ல சான்று, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலூரை மையமாகக் கொண்டு நடந்த தொழுநோய்ப் பணி. உதவி செய்ய வந்த மருத்துவர்கள் அங்கே நோயாளிகளிடம் மாணவர்கள் ஆனார்கள். இரக்கம் மட்டும் இருந்தால் போதாது, அதற்கு அறிவும் கைத்திறனும் பொறுமையும் வேண்டும் என்பதை அவர்கள் படிப்படியாகக் கற்றார்கள்.

நோயும் ஒதுக்கலும்

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873இல் கண்டறிந்தார். அதற்கு முன் அது பரம்பரை நோய் என்றும், முன்வினைப் பயன் என்றும், கடவுளின் தண்டனை என்றும் பல நாடுகளில் நம்பினார்கள். காரணம் தெரிந்த பிறகும் மருந்து வர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை நோயாளியை ஊரிலிருந்து விலக்கி வைப்பதே வழியாக இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது.

விலக்கப்பட்டவர்களைத் தேடிப் போனவர்களில் கிறிஸ்தவ ஊழியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மொலக்காய் தீவில் நோயாளிகளோடு வாழ்ந்த பெல்ஜியத் துறவி டேமியன், அதே நோய் கண்டு 1889இல் அங்கேயே இறந்தார். அம்பாலாவில் ஆசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வெல்லெஸ்லி பெய்லி, அங்கு கண்ட நோயாளிகளின் நிலையால் உந்தப்பட்டு 1874இல் தொழுநோய் மிஷனைத் தொடங்கினார். இந்தக் காலத்துப் பணி பெரும்பாலும் உணவு, உடை, தங்குமிடம், காயத்துக்குக் கட்டு, கடைசிக் காலத்தில் துணை என்ற அளவில் நின்றது. கையில் மருந்து இல்லாத காலத்தில் அதுவே பெரிது. ஆனால் காப்பகத்துக்குள் போனவர் வெளியே வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வேலூரின் தொடக்கம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1820 வாக்கில் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்து மருத்துவ ஊழியம் செய்த அமெரிக்கர். தந்தையும் மருத்துவ மிஷனரிதான். ஐடாவுக்கோ மிஷனரி வாழ்க்கையில் விருப்பம் இருக்கவில்லை. தந்தையார் பணியாற்றிய திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்காக அவர்களின் கணவன்மார் தனித்தனியே வந்து ஐடாவை அழைத்தார்கள். மருத்துவம் படிக்காத தம்மால் ஒன்றும் செய்ய இயலாது, தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் அவர். ஆண் மருத்துவர் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனையும், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின.

அந்த இரவில் ஐடாவுக்கு மனம் இருந்தது, பயிற்சி இல்லை. அதனால் அவர் பெண்களுக்குச் சிகிச்சை அளித்ததோடு நில்லாமல், பெண்களை மருத்துவர்களாக்கும் பள்ளியையும் நிறுவினார். தொழுநோய்ப் பணியிலும் வேலூர் இதே போக்கைப் பின்பற்றியது.

செங்கல்பட்டில் எழுந்த கேள்வி

1946இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் லண்டனிலிருந்து வேலூருக்கு வந்தார். அவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அந்த மலையில் மருத்துவம், பள்ளி, விவசாயம் என்று பல பணிகளைச் செய்த மிஷனரிகள். பிராண்ட் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். மலையிலேயே பணியைத் தொடர்ந்த தந்தை 1929இல் காய்ச்சலில் இறந்தார். தாய் முதுமையிலும் மலைவாழ் மக்களிடையே பணியாற்றி 1974இல் மறைந்தார். பிராண்ட் முதலில் கொத்தனார் வேலையும் தச்சு வேலையும் கற்று, பிறகே மருத்துவத்துக்கு வந்தவர்.

வேலூர்க் கல்லூரியின் முதல்வராக இருந்த ராபர்ட் காக்ரேன் தொழுநோய் வல்லுநர். அவர் பிராண்டைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிராண்ட் கண்டவை, விரல்கள் கொக்கியாக மடங்கிய கைகள், விரலே இல்லாத கைகள், புண் ஆறாத பாதங்கள். எலும்பு அறுவையில் தேர்ந்தவர்கள் ஏன் இவர்களைப் பார்ப்பதில்லை என்று காக்ரேன் கேட்டார். பிராண்டிடம் பதில் இல்லை. உலகில் இத்தனை பேரை முடமாக்கும் நோய்க்கு எலும்பு மருத்துவம் ஒன்றுமே செய்யவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

அங்கே ஒரு நோயாளியிடம் தன் கையைப் பற்றி அழுத்தும்படி பிராண்ட் சொன்னார். மடங்கிய கைக்கு வலு இராது என்பது அவர் எண்ணம். பிடி இரும்பாக இருந்தது. நகங்கள் உள்ளங்கையில் பதிந்து அவருக்கு வலித்தது. தாம் வலியுண்டாக்குவது அந்த நோயாளிக்குத் தெரியவே இல்லை. கையின் சில தசைகள் செயலிழந்தாலும் மற்றவை முழு வலுவோடு இருக்கின்றன என்றும், அவற்றைக் கொண்டு கையைச் சீராக்க வழி இருக்கலாம் என்றும் அந்த ஒரு பிடி காட்டியது.

வலி என்னும் காவல்

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்பதே அன்றைய பொதுக் கருத்து. மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை ஆய்ந்தபோது, நரம்புகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெடவில்லை என்று பிராண்ட் கண்டார். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலுக்கு அருகே ஓடும் பகுதிகளில்தான் நரம்பு வீங்கிக் கெட்டிருந்தது. அந்த இடங்களுக்கு அப்பால் உணர்ச்சி மரத்துப்போகிறது, சில தசைகள் செயலிழக்கின்றன. சதை மற்றவர்களுடையது போலவே இருக்கிறது. காயம் பட்டால் ஆறவும் செய்கிறது.

அப்படியானால் விரல்கள் எப்படிக் குறைந்தன? நோயாளிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது. பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டு ஒன்றை, நோயாளிச் சிறுவன் ஒருவன் சட்டெனத் திருகித் திறந்தான். சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. அவன் அதை அறியவில்லை. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவதும், செருப்புக்குள் கிடக்கும் ஆணியோடு நாளெல்லாம் நடப்பதும் அங்கே சாதாரணம். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் உறக்கம் கலையாது. எலிக் கடி தெரியவந்த பிறகு, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. காயம், அதில் தொற்று, எலும்பு அரிப்பு என்று படிப்படியாக விரல் குறுகுகிறது. வலி இல்லாததால் யாரும் அந்தக் கையை ஓய்வில் வைப்பதில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவத்தோடு சமயச் சிந்தனையையும் தொட்டது. வலி எதற்கு என்பது விசுவாசிகளை வெகுகாலமாக அலைக்கழிக்கும் கேள்வி. வலியே இல்லாதவர்களின் உடல் எப்படிச் சிதைகிறது என்பதை அன்றாடம் பார்த்த பிராண்ட், வலியைக் கடவுள் தந்த காவலாகக் கருதத் தொடங்கினார். பின்னாளில் அவர் எழுதிய நூல்களுக்கு இதுவே மையக் கருத்து. துன்பம் முழுவதற்கும் இது விளக்கம் ஆகிவிடாது. ஏட்டில் படித்த இறையியலாக இல்லாமல், நோயாளிகளின் கைகளைப் பார்த்து அடைந்த முடிவு என்பதே அதன் சிறப்பு.

மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன

முழங்கையில் நரம்பு கெடும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. எதிர்த்து இழுக்கச் சிறு தசைகள் இல்லாததால் விரல்கள் மடங்கியே நிற்கின்றன. நல்ல தசை ஒன்றின் தசைநாணைப் பிரித்து விரல்களில் இணைத்துத் தைத்தால், கெட்ட தசையின் வேலையை அது செய்யும். போலியோவில் கையாளப்பட்ட இந்த முறையை பிராண்டும் உடன்பணியாளர்களும் 1940களின் இறுதியில் தொழுநோய்க்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். அறுவைக்குப் பின் பல வாரங்கள் உடற்பயிற்சி தேவைப்பட்டது. மணிக்கட்டை அசைத்துவந்த தசை இப்போது விரலை அசைக்க வேண்டும் என்பதை மூளை பழக வேண்டும். உணர்ச்சி திரும்பாததால் நோயாளி கண்ணால் பார்த்தே கையைப் பழக்கினார்.

பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தபோது, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. நுண்துளை ரப்பர் பதித்த மென்மையான செருப்பு புதிய புண் வராமல் காத்தது. பிராண்டின் மனைவியும் கண் மருத்துவருமான மார்கரெட் பிராண்ட் பார்வையைக் காக்கும் பணியை ஏற்றார். இமை மூடாத கண்ணுக்கு, மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவை செய்யப்பட்டது. நோயாளி பல்லைக் கடிக்கும்போது கண் மூடும். புருவம் உதிர்ந்தவர்களுக்கு மயிர் கொண்ட தலைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். புருவம் இல்லாத முகத்தை ஊர் உடனே அடையாளம் கண்டு விலக்கியதால், அழகுக்கான அறுவையும் அங்கே பிழைப்புக்கான சிகிச்சை ஆனது.

மருந்தும் கத்தியும் தொடாத ஒன்று இன்னும் இருந்தது. ஒருமுறை பிராண்ட் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துச் சிகிச்சையை விளக்கினார். அவர் தேம்பி அழத் தொடங்கினார். தாம் தவறாகப் பேசிவிட்டோமோ என்று பிராண்ட் தம் உதவியாளரிடம் கேட்டார். பல ஆண்டுகளாக யாரும் தம்மைத் தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று பதில் வந்தது. நோயாளியைத் தொடுவதும் சிகிச்சையில் சேர்ந்தது என்பதை அங்கே பணியாற்றியவர்கள் இப்படித்தான் கற்றார்கள்.

கை வந்த பிறகு

கை சீரானவர்கள் ஊருக்குத் திரும்பினால் வாழ்க்கை சீராகிவிடும் என்று முதலில் எண்ணினார்கள். சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். மடங்கிய கையைக் கண்டு பிச்சை போட்டவர்கள், நிமிர்ந்த கைக்குப் போடுவதில்லை. தழும்பைப் பார்த்து வேலை கொடுப்பாரும் இல்லை. இன்னொரு நோயாளி சென்னையில் இருந்த குடும்பத்தாரைப் பார்க்கப் போனார். முதல் இரவில் எலி அவர் விரலைக் கடித்தது. மறுநாள் இரவு எலிக்குப் பயந்து விழித்திருந்து படித்தவர் அயர்ந்து சாய்ந்தபோது, விளக்கு அவருடைய மற்றொரு கையைச் சுட்டுவிட்டது. அறுவை மேசையில் வெற்றி பெற்ற சிகிச்சை வீட்டுத் திண்ணையில் தோற்றது.

இதன் விளைவாக 1951இல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அதற்குத் தொடக்கப் பணம் தந்தவர் ஒரு முதிய மிஷனரி. ஊர்ப்புறத்து வீடுகளைப் போன்ற எளிய குடிசைகளில் நோயாளிகள் தங்கித் தொழில் கற்றார்கள். தச்சுப் பட்டறையில் மரப் பொம்மைகள் செய்தார்கள். பிராண்டின் பழைய தச்சுப் பயிற்சி இங்கே கைகொடுத்தது. நாள்தோறும் வேலை முடிந்ததும் ஒவ்வொருவரின் கையையும் காலையும் பார்த்து, புதுக் காயம் இருந்தால் அது எதனால் வந்தது என்று கண்டுபிடித்தார்கள். சுத்தியல் பிடி, அடுப்பு, செருப்பின் வார் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட, கருவிகளின் பிடிகள் மாற்றி அமைக்கப்பட்டன. காரணம் தெரியாமல் தானாகச் சிதையும் விரல் என்று ஒன்று இல்லை என்பது இப்படி நிலைநாட்டப்பட்டது. நோயாளிகளே தங்கள் உடலைக் கவனிக்கக் கற்றதால் இது முடிந்தது.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

உதவுபவருக்கும் உதவி பெறுபவருக்கும் இடையிலான கோட்டை மேலும் அழித்தவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்த இந்த இளம் மருத்துவர், 1954இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு காயமுற்று, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் யோசனை சொன்னார். மேரி சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். முடங்கியவர் என்று ஊர் ஒதுக்கிய நோயாளிகள், நடக்க இயலாத ஒருவர் தங்கள் கையைச் சீராக்குவதைக் கண்டார்கள்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, திரும்பி வந்து வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் முதுகுத்தண்டு காயமுற்றோருக்கான மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விபத்துக்குப் பின் அவர் நெடுநாள் மனமுடைந்து கிடந்தார். வேலையைத் தொடங்கிய பிறகே அவருடைய விசுவாசம் மீண்டும் வலுப்பெற்றது.

இரக்கத்தின் மீதான கேள்விகள்

மிஷனரி மருத்துவத்தின் மீது நியாயமான விமர்சனங்கள் உண்டு. தொடக்க கால மிஷனரிகள் பலர் சுவிசேஷம் அறிவிப்பதையும் சிகிச்சையையும் ஒன்றாகவே பார்த்தார்கள். ஊர் கைவிட்ட ஒருவர், தமக்குச் சோறும் மருந்தும் தரும் நிறுவனத்தின் சமயத்தை எந்த அளவுக்குச் சுதந்திரமாக ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. காப்பகங்கள் நோயாளிகளைக் காத்தன. கூடவே அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நிரந்தரமாக அண்டி வாழ்பவர்களாகவும் ஆக்கின. வாழ்நாளை அங்கே கழித்தவர்களுக்கு, நோய் தீர்ந்த பிறகும் போக வீடு இருக்கவில்லை.

இரக்கம் எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. சேவாகிராமத்தில் தொழுநோய் கண்ட வடமொழி அறிஞர் பர்ச்சூரே சாஸ்திரிக்குக் காந்தி தம் கையாலேயே பணிவிடை செய்தார். மகாராஷ்டிரத்தில் பாபா ஆம்தே உருவாக்கிய ஆனந்தவனத்தில் நோயாளிகள் உழைத்து ஒரு சமுதாயத்தையே கட்டினார்கள். நவஜீவ நிலையமும் ஆனந்தவனமும் வெவ்வேறு நம்பிக்கையில் பிறந்து, உழைப்பின் வழியே தன்மானம் என்ற ஒரே முடிவுக்கு வந்தன.

பயிற்சியாக மாறிய ஊழியம்

தனிமனிதர் கற்ற பாடம் அவரோடு முடியாமல் இருக்க நிறுவனம் வேண்டும். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையைச் செய்தது. பல நாட்டு மருத்துவர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் செருப்புத் தைப்பவர்களும் அங்கே பயிற்சி பெற்றார்கள். பிராண்டோடு பணியாற்றிய அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி பின்னாளில் அந்நிலையத்துக்குத் தலைமை ஏற்று, வறண்டு கிடந்த அதன் நிலத்தில் மரங்களையும் வளர்த்தார். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். பாதத்தில் உணர்ச்சி இழக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் அதே மாவுக்கட்டும் செருப்பும் பயன்படும் என்பது அங்கே உறுதியானது. அவர் 2003இல் மறைந்தார்.

வேலூர்க் கல்லூரியிலும் ஊழியம் பாடத்திட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவ மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி மக்களின் வாழ்க்கையை அறிகிறார்கள். திருச்சபைகளின் பரிந்துரையோடு சேர்பவர்கள், படிப்பு முடிந்ததும் தொலைதூர மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும். வசதி குறைந்த இடத்தில், உள்ள கருவிகளைக் கொண்டு சிகிச்சை செய்யும்போது, மாணவருக்குத் தம் அறிவின் எல்லையும் நோயாளியின் பொறுமையும் ஒருசேரப் புரிகின்றன.

இன்றைய நிலை

1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயின் போக்கையே மாற்றியது. நோயின் வகைக்கு ஏற்ப 6 அல்லது 12 மாதங்கள் மருந்து உண்டால் நோய் குணமாகிறது. சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குப் பரவுவது விரைவில் நின்றுவிடுகிறது. இந்தியாவில் மருந்து இலவசம். 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற தேசிய இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன.

ஆயினும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கேதான் இருக்கிறார்கள். உணர்ச்சியற்ற தேமலை மறைத்து, நரம்பு கெட்ட பிறகு வருபவர்கள் இன்னும் உண்டு. அவர்கள் மறைப்பதற்குக் காரணம் நோயைவிட ஊரின் பேச்சு. மருந்து கிருமியைக் கொல்லும், கெட்ட நரம்பை மீட்காது. அதனால் தேமலை முன்கூட்டியே காட்டத் துணிவு தருவதும், உணர்ச்சி இழந்தவர்களுக்குக் கை கால்களைத் தினமும் பார்த்துப் பேணும் பழக்கத்தைக் கற்பிப்பதும், குணமானவர்களுக்கு வேலையும் வீட்டில் இடமும் கிடைக்கச் செய்வதுமே இன்றைய தொழுநோய்ப் பணியின் பெரும்பகுதி. கரிகிரியும் தொழுநோய் மிஷனின் மருத்துவமனைகளும் அரசுத் திட்டத்தோடு சேர்ந்து இதைத் தொடர்ந்து செய்கின்றன.